ஓர் எழுத்தில் விலகும் திரை

1970-ல் ஐ.பி.எம். ஆய்வாளர் எட்கர் காட், தகவல் அனைத்தையும் அட்டவணைகளாக வைக்கலாம் என்று எழுதினார். 1985-ல் அதற்கு விதிகள் வகுத்தபோது இன்னும் ஒரு படி மேலே போனார். தரவுத்தளம் தன்னைப் பற்றி வைத்திருக்கும் குறிப்புகளும் அட்டவணைகளாகவே இருக்க வேண்டும், பயனர் அவற்றையும் அதே மொழியில் கேட்டறிய முடிய வேண்டும் என்றார். அழகான விதி. ஆனால் அதற்குள்ளேயே ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது.

1986-ல் பெர்க்லியில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரின் குழு போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளத்தைக் கட்டத் தொடங்கியது. அதில் தரவு வகை, ஃபங்ஷன், ஏன், கூட்டல் குறிகூட ஏதோ ஓர் உள் அட்டவணையில் ஒரு வரிதான். 1994-ல் ஆண்ட்ரூ யூ, ஜாலி சென் என்ற மாணவர்கள் அதற்கு எஸ்.க்யூ.எல். என்ற வினவல் மொழியைக் கற்றுக்கொடுத்தார்கள். கூடவே பி.எஸ்.க்யூ.எல். என்ற கட்டளைக் கருவியும் பிறந்தது. அட்டவணைகளைப் பட்டியலிடச் சொன்னால் அது பயனருடையவற்றை மட்டும் காட்டுமா, தரவுத்தளத்தின் உள் அட்டவணைகளையும் காட்டுமா?

தொடக்கத்தில் பெயரே காவலாக நின்றது. 'பி.ஜி.' என்ற முன்னொட்டு வந்தால் அது உள் அட்டவணை, பட்டியலில் இடமில்லை. பயனர்கள் அப்படிப் பெயர் வைக்கவும் தடை இருந்தது. 2002-ல் வந்த போஸ்ட்கிரெஸின் 7.3 பதிப்பு, பொருட்களைப் பிரித்து வைக்கும் ஸ்கீமாக்களைக் கொண்டுவந்தது. உள் பொருட்கள் எல்லாம் தனி ஸ்கீமாவுக்குக் குடிபெயர்ந்தன, பெயர்த் தடையும் தளர்ந்தது. எல்லாம் சரியாகிவிட்டது போலிருந்தது, ஃபங்ஷன்களைப் பட்டியலிடும்வரை.

அந்தக் கட்டளையில் உள் ஃபங்ஷன்களை மறைக்கும் திரையே இல்லை. ஒருவர் எழுதிய ஒரேயொரு ஃபங்ஷன், கூடவே வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் நடுவே தொலைந்துபோனது. 2009 ஜூலையில் வெளியான 8.4 பதிப்பு இந்த முரணைத் தீர்த்தது: பெரும்பாலான பட்டியல்களில் முதலில் பயனர் உருவாக்கியவை மட்டும், உள்ளிருப்பவையும் வேண்டுமென்றால் கட்டளையோடு 'எஸ்' என்ற எழுத்தைச் சேர்க்கலாம். அப்படியானால் தெரிந்த ஓர் உள் ஃபங்ஷனைப் பெயர் சொல்லித் தேடினால்?

அதற்கும் வழி விட்டார்கள். பெயரோ பெயரின் மாதிரியோ கொடுத்தால், 'எஸ்' இல்லாமலே அது தென்பட்டது.

இன்று எல்லோரும் இயல்பாக நினைக்கும் அந்தச் சுத்தமான பட்டியலுக்குப் பின்னால் பூட்டு எதுவும் இல்லை. பெரிய 'ஈ' விருப்பத்தோடு பி.எஸ்.க்யூ.எல்.லைத் திறந்தால், அது ரகசியமாக அனுப்பும் எஸ்.க்யூ.எல். வினவலையே திரையில் அச்சிடும். உள் ஸ்கீமாக்களை விலக்கும் நிபந்தனை அதில் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கிறது.