பிறந்ததும் அணையும் ஒரு சுவிட்ச்

அரிவாள் செல் ரத்தசோகை: சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு ரத்தக்குழாயை அடைக்கிற பரம்பரை நோய். ஆனா இந்த நோயோட பிறக்குற குழந்தை, முதல் சில மாசம் பெரும்பாலும் நல்லாவே இருக்கும். அப்புறம்தான் கை கால் வீக்கம், தாங்க முடியாத வலி எல்லாம். ஏன்? விடை கிடைக்க 60 வருஷம் ஆச்சு. வாங்க மக்களே, பார்ப்போம்.

1948. நியூயார்க் புரூக்ளினில் ஜேனட் வாட்சன் என்ற குழந்தைகள் நல மருத்துவர் இதைக் கவனிச்சாங்க. குழந்தையின் ரத்தத்தில் மிச்சமிருக்கும் கரு ஹீமோகுளோபின்தான் காப்பாத்துதுன்னு சொன்னாங்க.

கருவில் இருக்கும்போது நமக்கு வேற ஹீமோகுளோபின். பிறந்து ஆறு மாசம் ஆகுறதுக்குள்ள அது பெருமளவு குறைஞ்சு, பெரியவங்க ஹீமோகுளோபின் வந்துடும். நோய்க்கான கோளாறு இந்த ரெண்டாவதில்தான். பழைய ஜீன் எங்கேயும் போகல. அணைஞ்சு கிடக்கு, அவ்வளவுதான்.

அணைச்சது யாரு? 2008ல் பாஸ்டனில் விஜய் சங்கரன், ஸ்டூவர்ட் ஆர்கின் குழு கண்டுபிடிச்சது: பிசிஎல்11ஏ. டிஎன்ஏவில் போய் ஒட்டிக்கிட்டு ஜீனை அணைக்கிற புரதம்.

அப்போ அதையே தூக்கிடலாமே? முடியாது. மூளைக்கும், பி லிம்போசைட் என்ற வெள்ளையணு உருவாகவும் அது வேணும். அந்த ஜீன் இல்லாத எலிக்குட்டிகள் பிறந்ததுமே இறந்துபோச்சு.

2013ல் வழி தெரிஞ்சது. எல்லா செல்லிலும் டிஎன்ஏ ஒண்ணுதான். ஆனா ஒரே ஜீனை ஒவ்வொரு திசுவும் வேற வேற சுவிட்ச் வெச்சு இயக்குது. பிசிஎல்11ஏ-க்கு, சிவப்பணு உருவாகுற இடத்தில் மட்டும் வேலை செய்யுற சுவிட்ச் ஒண்ணு இருக்கு. காட்டா1 என்ற இன்னொரு புரதம் அதில் வந்து உட்காரணும். அந்த இடத்தை மட்டும் வெட்டினா, சிவப்பணுவில் பிசிஎல்11ஏ குறையும்; மூளையில் வழக்கம்போல இருக்கும்.

2023 நவம்பரில் பிரிட்டனும், டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதிச்ச காஸ்ஜெவி சிகிச்சை இதைத்தான் செய்யுது. நோயாளியின் ஸ்டெம் செல்லை எடுத்து, கிரிஸ்பர் முறையில் அங்கே வெட்டி, திரும்ப உடம்பில் ஏத்துறாங்க. கரு ஹீமோகுளோபின் மறுபடி வருது. கோளாறான ஜீனைத் தொடவே இல்லை!

அமெரிக்காவில் விலை? 22 லட்சம் டாலர்.

இந்தியாவில் இந்த நோயின் மரபணு முதலில் பதிவானது 1952ல், நம்ம நீலகிரி பழங்குடி மக்களிடம். அவங்க கைக்கு எட்டுற மருந்து ஹைட்ராக்சியூரியா. விலை குறைவுதான், ஆனா அதுவும் கரு ஹீமோகுளோபினைக் கூட்டித்தான் பலன் தருது. அதனால வலி குறைஞ்சிடுச்சேன்னு நீங்களா மாத்திரையை நிறுத்திடாதீங்க. புது சிகிச்சை நம்ம மலைக்கு வர்ற வரைக்கும், நம்மைத் தாங்குறது அதுதான்.