மணல் தின்ற இம்பெல்லர்

ஒரகடத்தை அடுத்த வல்லம் வடகாலில், வண்டி எஞ்சின்களில் கூலன்ட் கசிகிறதா என்று சோதிப்பது என் வேலை. பக்கத்திலேயே யமஹா தொழிற்சாலை. அங்கே தயாராவது இரு சக்கர வண்டி. சதுரங்கப்பட்டினத்தில் பிறந்த எனக்கு அந்தப் பெயர் முதலில் பழகியது, படகின் பின்னால் தொங்கும் அவுட்போர்டு மோட்டாரின் மூடியில்தான். என் பெரியப்பா அந்த மோட்டார்களைப் பழுது பார்த்தவர். இந்தப் பக்கத்து எஞ்சின் தொழிலின் வரலாறு என்றால், ஹூண்டாய் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்த கதையிலிருந்துதான் தொடங்குகிறார்கள். கார் உற்பத்தி 1998-இல் தொடங்கியது. எஞ்சினின் சூட்டைக் கையால் தொட்டுக் கண்டுபிடித்தவர்கள் அதற்கு முன்பே எங்கள் கரையில் இருந்தார்கள். அவர்கள் கதை எழுதப்படவே இல்லை என்பது என் ஆதங்கம்.

நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய ஓலே எவின்ரூட், 1909-இல் அவுட்போர்டு மோட்டாரைச் சந்தைக்குக் கொண்டுவந்தார். யமஹாவின் முதல் அவுட்போர்டு 1960-இல் வந்தது. பெரும்பாலான மோட்டார்களில் சூடு தணிக்கும் வழி ஒன்றுதான். தண்ணீருக்குள் மூழ்கியிருக்கும் கீழ்ப்பகுதியில் ஒரு சின்ன ரப்பர் இம்பெல்லர் சுழன்று கடல்நீரை மேலே தள்ளும். அது சிலிண்டரைச் சுற்றி வந்து வெளியேறும். அதில் ஒரு கீற்று மட்டும் பக்கத்து ஓட்டை வழியாகப் பீய்ச்சும்.

அமைதியான தண்ணீருக்கு இது நல்ல ஏற்பாடு. எங்கள் ஊரில் படகு மணலிலிருந்து இறங்கி, அலையைத் தாண்டிப் போய், திரும்ப மணலிலேயே ஏற வேண்டும். அலை உடையும் இடத்தில் தண்ணீரில் பாதி மணல். அதையும் சேர்த்துத்தான் பம்பு உறிஞ்சும்.

பெரியப்பா ஸ்பேனரை எடுக்கும் முன் கேள்வி கேட்பார். “என்னா மச்சான், கரைய விட்டு எறங்கும்போதே சூடாச்சா, வேகம் வெச்ச பெறகா?” பிறகு மோட்டாரை டிரம்மில் நல்ல தண்ணீருக்குள் இறக்கி ஓட விட்டு, பீய்ச்சும் தண்ணீரில் விரலை நீட்டுவார். மெதுவாக ஓடும்போது சொட்டி, வேகம் கூட்டினால் பீய்ச்சினால், இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது என்று முதலில் அதைச் சந்தேகப்படுவார். கீற்று நன்றாக வந்தாலும் நம்ப மாட்டார். பல மாடல்களில் அந்தத் தண்ணீர் சிலிண்டர் தலைக்குப் போகாமலே வெளியே வந்துவிடும். மேலே உப்பு அடைத்துக்கொண்டு தலை காய்ந்துகொண்டிருக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றி நூலில் கட்டி, டீக்கடைக் கொதிநீரில் விட்டுத் திறக்கிறதா என்று பார்ப்பார். பழைய இம்பெல்லரை வெளியே எடுத்தால் இதழ்களை எண்ணுவார். ஒன்று குறைந்தால், அந்தத் துண்டு தண்ணீர்ப் பாதையில் எங்கேயோ சிக்கியிருக்கிறது என்று அர்த்தம். அதைத் தேடி எடுக்காமல் புதிதை மாட்டக் கூடாது. மாட்டினால் மறுவாரமே மோட்டார் ஜாம் ஆகித் திரும்பி வரும்.

மணலில் ஏறும் படகுக்கு வேறு எஞ்சின் வேண்டும் என்பதை அதிகாரிகளும் உணர்ந்திருந்தார்கள். 1979-இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டம், கரையேறும் படகுகளை வடிவமைத்தது. நார்வே நாட்டுப் படகு வடிவமைப்பாளர் ஓய்விந்த் குல்பிரான்ட்சன் அதில் முக்கியமானவர். ஆழம் குறைந்த இடத்தில் படகைத் தள்ளும் விசிறியை மேலே தூக்கிக்கொள்ளும்படி சின்ன டீசல் எஞ்சினைப் பொருத்திப் பார்த்தார்கள்.

எங்கள் கரையில் அவுட்போர்டு நிலைக்காமல் போனதற்கு மணல் மட்டுமே காரணமென்றால், கன்னியாகுமரிக் கரையிலும் அவுட்போர்டு அழிந்திருக்க வேண்டும். அங்கேயும் அலை உண்டு, மணலும் உண்டு. ஆனால் அந்தப் பக்கத்தில் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு 1980 முதல் இயங்கியது. மோட்டாரையும் உதிரி பாகத்தையும் பழுது பார்க்கும் ஆளையும் மீனவர்களே சேர்ந்து ஏற்பாடு செய்துகொண்டார்கள். எங்கள் ஊரில் ஒரு இம்பெல்லருக்குச் சென்னை வரை பஸ் ஏற வேண்டும்; அது வரும்வரை படகு கரையில் கிடக்கும். பெட்ரோல் விலை வேறு. எங்கள் பக்கம் அவுட்போர்டு தோற்றதற்குக் கடலைவிட இந்தப் பஸ் பயணம்தான் பெரிய காரணம் என்பேன்.

2004 சுனாமிக்குப் பிறகு நிவாரணமாக வந்த பைபர் படகுகள் கட்டுமரங்களை ஓரம் தள்ளின. எங்கள் கரையில் அவற்றில் பெரும்பாலும் மாட்டியது நீண்ட தண்டு கொண்ட லாங் டெயில், காற்றில் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் கிரீவ்ஸ் டீசல் எஞ்சின். அதில் தண்ணீர்ப் பம்பு கிடையாது, இம்பெல்லரும் கிடையாது. சூடு மட்டும் விடவில்லை. சிலிண்டரைச் சுற்றியுள்ள செதில்களுக்கு நடுவே உப்பும் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்தால் காற்று புகாது. பெரியப்பா அதைக் கம்பியால் சுரண்டிச் சுரண்டி எடுப்பார். சிங்கப்பெருமாள் கோயில் சாலையில் லோடு ஏற்றும் மூன்று சக்கர வண்டிகள் பலவற்றில் அதே கிரீவ்ஸ் வகை எஞ்சின்தான். அதனால் கடைசிக் காலத்தில் அவருடைய பட்டறை வாசலில் மீனவர்களோடு வண்டிக்காரர்களும் காத்திருந்தார்கள்.