நம் கரை வழியே போன காபி



"நேற்று நன்றாக இருந்த காபி இன்று ஏன் சரியில்லை?" என்ற கேள்வி எழாத வீடு நம் குடியிருப்பில் இருக்காது. பாலைக் குறை சொல்வோம், தண்ணீரைக் குறை சொல்வோம். தூளைப் பற்றி மட்டும் யாரும் அதிகம் விசாரிப்பதில்லை. விசாரிக்கப் போனால் விஷயம் பாம்பனையும் மன்னாரையும் தொட்டுவிட்டு வருகிறது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். செய்முறை கடைசியில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1830-களில் தொடங்கி ஆங்கிலேயர்கள் கண்டி மலைக் காடுகளை அழித்துக் காபித் தோட்டம் போட்டார்கள். பழம் பறிக்க ஆள் வேண்டும். இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சிப் பக்கத்துக் கிராமங்களுக்குக் கங்காணிகள் வந்தார்கள். நம்முடையதோ வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த ஆண்டில் முன்பணம் நீட்டினால் யார் வேண்டாம் என்பார்கள்? தொண்டி, தேவிபட்டினம், பாம்பன் கரைகளிலிருந்து தோணியில் ஏறி மன்னார்ப் பக்கம் இறங்குவார்கள். அங்கிருந்து மாத்தளை வரை 100 மைலுக்கு மேல் காட்டுவழி நடை. காலரா, காய்ச்சல், பசி, தாகம். நடக்க முடியாதவர்களை வழியிலேயே விட்டுவிட்டுக் கூட்டம் மேலே போனதும் உண்டு. 1876-78 பெரும் பஞ்சத்தின்போது இந்தக் கூட்டம் இன்னும் பெருகியது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். காபி பறிக்கப் போனவர்கள் வீட்டில் காபி கிடையாது. காலையில் நீராகாரம், இல்லையென்றால் கஞ்சி. தமிழ்நாட்டு வீடுகளில் காபி பரவலாக நுழைந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் அதற்குப் பிறகும்தான். ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதிய நூலின் பெயரே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை'.

1869-ல் இலங்கைக் காபி இலைகளின் அடிப்பக்கத்தில் ஆரஞ்சு நிறப் பொடி தென்பட்டது. இலைத்துரு நோய். முதலில் தோட்டத்துரைகள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. காபி விலை ஏறிக்கொண்டிருந்ததால், விளைச்சல் குறைந்தும் வருமானம் குறையவில்லை. புதுத் தோட்டங்களுக்குக் கடன்கூடக் கிடைத்தது. 1880-ல் ஹாரி மார்ஷல் வார்டு என்ற தாவரவியலாளரை வரவழைத்தார்கள். நோயின் வித்து காற்றில் பரவுகிறது, மலை முழுக்க ஒரே பயிர் இருப்பதால் அதைத் தடுக்க வழியில்லை என்று அவர் கண்டு சொன்னார். அதற்குள் காலம் கடந்துவிட்டது.

வங்கியில் குப்பை கொட்டியவன் என்பதால் அடுத்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஈடுபாடு அதிகம். காபித் தோட்டங்களுக்கு அள்ளிக் கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் பாங்க் கார்ப்பரேஷன் 1884 மே மாதம் கதவை மூடியது. அந்தக் காலத்தில் வங்கிகளே நோட்டு வெளியிட்டன. இலங்கையில் புழங்கிய நோட்டில் பெரும்பகுதி இந்த வங்கியுடையது. கவர்னர் ஆர்தர் கார்டன் அந்த நோட்டுகளுக்கு அரசு பொறுப்பு என்று அறிவித்துப் பீதியை அடக்கினார். அதன் பிறகு அங்கே அரசே நோட்டு அச்சிடத் தொடங்கியது. ஓர் இலைப் பூஞ்சை ஒரு நாட்டின் கரன்சியையே மாற்றிவிட்டது, பாருங்கள்.

தொழிலாளியின் கடனுக்கு அப்படி எந்தக் கவர்னரும் பொறுப்பேற்கவில்லை. ஒரு தோட்டத்தை விட்டு இன்னொன்றுக்குப் போக வேண்டுமானால், இருக்கும் கடன் தொகையை எழுதி ஒரு சீட்டுக் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் 'துண்டு'. புதிய தோட்டம் அந்தத் தொகையைக் கட்டினால்தான் ஆள் மாறலாம். கடனை ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு மாற்றும் வேலையை நானும் பல முறை செய்திருக்கிறேன். ஆனால் அதில் கைமாறியது காகிதம். துண்டு முறையை 1921-ல்தான் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

காபி போன இடத்தில் தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867-லேயே லூல்கந்துரையில் 19 ஏக்கரில் அதைப் பயிரிட்டிருந்தார். காபிப் பழம் பருவத்தில் மட்டும் பறிப்பது, முடிந்ததும் பலர் ஊர் திரும்பிவிடுவார்கள். தேயிலைக் கொழுந்து ஆண்டு முழுக்கக் கிள்ள வேண்டியது. ஆகவே போனவர்கள் அங்கேயே தங்கினார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம் வந்தது. 5,25,000 பேரை இந்தியா ஏற்க வேண்டும் என்றது. இரண்டே மாதத்தில் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதனால் தலைமன்னார்க் கப்பல் இராமேஸ்வரத்துக்கு வந்தது. இறங்கியவர்களுக்கு முதல் நிழல் மண்டபம் கேம்ப்.

இனி உங்கள் டம்ளருக்கு வருகிறேன். அந்தத் துருநோய் நம் நாட்டுத் தோட்டங்களையும் விடவில்லை. அதைத் தாங்கும் ரகம் என்றுதான் ரொபஸ்டா இங்கே இடம்பிடித்தது. இன்று இந்திய விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் அதுவே. கசப்பும் அழுத்தமும் அதற்கு அதிகம், மணம் அராபிகாவுக்கு. கடையில் 'பிளான்டேஷன்' என்றால் கழுவிப் பதப்படுத்திய அராபிகா, 'செர்ரி' என்றால் பழத்தோடு உலர்த்தியது. 'பீபெரி' என்பது ஒற்றை உருண்டைக் கொட்டையைக் குறிக்கும் சொல், தனி ரகம் அல்ல. கலவையை நீங்களே கேட்டுச் சொல்லி, ஒவ்வொரு முறையும் அதே விகிதத்தில் வாங்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. சிக்கரி சேர்த்த தூளில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது சட்டம். கறுப்பும் கெட்டியுமாக டிகாக்‌ஷன் இறங்குவதை வைத்து ஏமாற வேண்டாம், அது சிக்கரியின் வேலையாகவும் இருக்கலாம்.

மற்றவை சுருக்கமாக. 30 கிராம் தூளுக்கு 200 மில்லி தண்ணீர் என் கணக்கு. கண் அளவு வேண்டாம். போர் தண்ணீரின் உவர்ப்பு மணத்தை மழுக்கிவிடும். காவிரிக் குடிநீரோ சுத்திகரித்த நீரோ கொதித்து, அரை நிமிடம் ஆறிய பிறகு ஊற்றுங்கள். தூளை அழுத்தி அடைக்காதீர்கள். நம் கடற்காற்று ஈரத்தில் திறந்த பாக்கெட் ஒரு வாரத்தில் சக்கையாகிவிடும், எனவே 200 கிராமுக்கு மேல் வாங்க வேண்டாம். ஃபில்டர் துளை அடைத்திருந்தால் மேல் பாத்திரத்தை அடுப்பில் ஒரு நிமிடம் காட்டி, ஆறியதும் தட்டிக் கழுவுங்கள்.