கத்திக் கல்யாணத்தில் பிறந்த தஞ்சை ராஜா!

மாப்பிள்ளைக்குப் பதில் அவரோட வாள் மட்டும் வந்தா, அதுக்குப் பேர் கத்திக் கல்யாணம். தஞ்சை மராத்திய மன்னர்கள் இப்படிக் கட்டிக்கிட்ட மனைவிகளுக்குப் பட்டத்து ராணி அந்தஸ்து கிடையாது. பிள்ளைகளோட அரியணை உரிமையும் கேள்விக்குறிதான்.

துக்கோஜி மன்னருக்கு அப்படிப் பிறந்தவர் பிரதாபசிம்மர். ஆனாலும், வாரிசுச் சண்டைகளுக்கு நடுவில் 1739-ல் அவர்தான் ராஜா! பதவி இழந்த சாஹுஜிக்கு ஆதரவா 1749-ல் படையோடு வந்த ஆங்கிலேயக் கம்பெனி, தேவிக்கோட்டை கைக்கு வந்ததும் பிரதாபசிம்மரோடவே ஒப்பந்தம் போட்டது. 1763 வரை அவர்தான் ஆண்டார்.

அடுத்து அவர் மகன் துளஜா. இவர் தத்தெடுத்த பிள்ளைதான், சரஸ்வதி மகால் நூலகத்தால் நீங்க அறிந்த சரபோஜி. ஆனா 1787-ல் துளஜா இறந்ததும், கம்பெனி கேட்ட பண்டிதர்கள் 'தத்து செல்லாது'ன்னு சொல்லிட்டாங்க. ராஜாவானவர், பிரதாபசிம்மருக்குக் கத்திக் கல்யாண வழியில் பிறந்த அமர்சிங். 1798-ல் தீர்ப்பு தலைகீழ். தத்து செல்லுமாம்! அமர்சிங் திருவிடைமருதூருக்குப் போனார், 1802-ல் இறந்தார். அரியணை ஏறிய சரபோஜியோ, 1799 ஒப்பந்தத்தில் நிர்வாகத்தையே கம்பெனிக்குக் கொடுத்துட்டார்.

கவனிச்சீங்களா? அப்பாவுக்கும் மகனுக்கும் பிறப்பு ஒரே மாதிரிதான். அது குறையா இல்லையான்னு முடிவு செஞ்சது, கம்பெனியோட லாபக் கணக்கு!