‘ஆண்’ நீங்கிய வாசகம்: 365அ பிரிவும் 1995ஆம் ஆண்டும்

இலங்கையில் தன்பால் திருமணம் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் அது தண்டனைச் சட்டக்கோவையின் 365, 365அ பிரிவுகளில் முட்டி நின்றுவிடுகிறது. உறவே குற்றமாயிருக்கும் நாட்டில் விவாகப் பதிவை யார் கேட்பது? ஆகவே அந்தக் குற்றத்தின் வரலாற்றை முதலில் தெளிவாக்க வேண்டும்.

இவ்வரலாற்றுக்கு இன்று செல்வாக்குள்ள வாசிப்பைத் தந்தது, மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2008இல் வெளியிட்ட அறிக்கை. இத்தகைய சட்டங்கள் பிரித்தானியர் விட்டுச்சென்ற அந்நியச் சொத்து என்பதை அதன் தலைப்பே அறிவிக்கிறது. 365ஆம் பிரிவைப் பொறுத்தவரை இதில் ஐயமில்லை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்து 377ஆம் பிரிவே 1883இல் இலங்கைக்கு வந்தது. சுதேசச் சமயங்களின் பெயரால் இப்பிரிவுகளைக் காக்க முனைவோருக்கு இது தக்க பதில். ஆனால் 365அ பிரிவை அதே பெட்டிக்குள் போட்டு மூடும்போது வரலாறு பிழைபடுகிறது.

அப்பிரிவின் பழைய வாசகம், பொது இடத்திலோ தனிமையிலோ ஓர் ஆண் மற்றோர் ஆணுடன் புரியும் பாரதூரமான அநாகரிகச் செயலைத் தண்டித்தது. இங்கிலாந்தில் இவ்வாசகம் சட்டமானது 1885இல். எனவே 1883ஆம் ஆண்டின் மூலக் கோவையில் இது இருந்திருக்க முடியாது என்றே கொள்கிறேன். எண்ணுக்குப் பின் நிற்கும் ‘அ’வும் பிற்சேர்க்கை என்பதையே காட்டுகிறது. சேர்க்கப்பட்ட ஆண்டை வாசகத்தின் சாயலை மட்டும் கொண்டு நிறுவ இயலாது. அதைத் திறந்த கேள்வியாகவே விடுகிறேன்.

1995ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கத் திருத்தச் சட்டமோ ஐயத்துக்கு இடமற்றது. ‘ஆண்’ என்ற சொல் நீக்கப்பட்டு ‘எவரேனும் ஒருவர்’ என்றானது. பெண்களுக்கிடையிலான உறவு அன்றுதான் இப்பிரிவுக்குள் வந்தது. சுதந்திரம் பெற்று நாற்பத்தேழு ஆண்டுகளுக்குப் பின், நம்மவர் தெரிவுசெய்த பாராளுமன்றம் செய்த விரிவாக்கம் இது. சிறுவரைப் பாதுகாப்பது அத்திருத்தத்தின் முக்கிய நோக்கங்களில் ஒன்று. ஆனால் ஒருவரையொருவர் விரும்பும் வயதுவந்த இரு பெண்களைக் குற்றவாளிகளாக்க அந்நோக்கம் நியாயமாகாது. பெண்களுக்கெதிரான பாரபட்சங்களை ஒழிக்கும் ஐ.நா. குழு, செயற்பாட்டாளர் ரோசன்னா பிளேமர்-கல்தேராவின் முறையீட்டில் 2022இல் இலங்கையிடம் குறைகண்டதும் இதற்காகவே.

இந்த வேறுபாட்டுக்குச் சட்டவிளைவும் உண்டு. அரசியலமைப்பின் 16(1) உறுப்புரை, 1978க்கு முன் நடைமுறையிலிருந்த சட்டங்களை அடிப்படை உரிமைகளுக்கு முரணாயினும் செல்லுபடியாக்குகிறது. 365அ முழுவதையும் காலனித்துவச் சொத்து என்றால் அந்தக் குடைநிழலை நாமே அதற்குக் கொடுத்தவர்களாவோம். பெண்களைத் தொடும் பகுதி 1995இல் பிறந்தது. அந்த நிழல் அதற்கு உரியதல்ல. ஒரே வாக்கியத்துக்கு இரண்டு வயது இருக்க முடியுமா என்று கேட்கலாம். முடியும் என்பதே என் வாதம். எனினும் நிறைவேறிய சட்டத்தை நீதிமன்றம் கேள்விக்குட்படுத்த 80(3) உறுப்புரை இடந்தராததால், இவ்வாதம் மட்டுமே பிரிவை வீழ்த்திவிடாது.

கத்தோலிக்கரும் முஸ்லிம்களும் வாழும் கற்பிட்டிக் குடாநாட்டின் பள்ளிவாசல்துறையிலிருந்து பார்த்தால் 1995 இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. இக்கரையோரக் கத்தோலிக்கரின் விவாகம் 1907ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகிறது. முஸ்லிம்களின் விவாகம் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின் கீழ். அதே 1995இல் 18ஆம் இலக்கச் சட்டம் முன்னதில் திருமண வயதைப் பதினெட்டாக்கியது, பின்னதைத் தொடவில்லை. 22ஆம் இலக்கச் சட்டமோ, பதினாறு வயதுக்குக் குறைந்த பெண்ணுடனான உறவை வன்புணர்வாக்கிய கையோடு, பன்னிரண்டு வயதைக் கடந்த மனைவிக்கு விலக்கும் வைத்தது. சமூகத்தின் தனியார் சட்டம் என்று அங்கே ஒதுங்கி நின்ற பாராளுமன்றம், அதே சமூகப் பெண் தனிமையில் யாரோடு வாழ்கிறாள் என்பதில் புதிதாகத் தலையிட்டது. பள்ளிவாசல்துறை முஸ்லிம் பெண்ணுக்கு அவ்வாண்டு புதிய திருமண வயதுக் காப்பைத் தரவில்லை. புதிய குற்றமொன்றைத் தந்தது. இம்முரணுக்குப் பிரித்தானியரைப் பொறுப்பாக்க முடியாது.

2023 மே மாதத்தில், இக்குற்றத்தை நீக்க முனைந்த, பாராளுமன்ற உறுப்பினர் பிரேம்நாத் தொலவத்தவின் தனிநபர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணல்ல என்று உயர் நீதிமன்றம் தீர்மானித்தது; சாதாரணப் பெரும்பான்மையே போதும். அது சட்டமாகவில்லை. குற்றம் நீங்கினாலும் தன்பால் திருமணம் தானாக வந்துவிடாது. 1907, 1951, 1952 (கண்டிய விவாகச் சட்டம்) ஆகிய ஆண்டுகளின் மூன்று விவாகச் சட்டங்களோடும் தனித்தனியே வழக்காட வேண்டியிருக்கும். முதற்படியோ பாராளுமன்றத்தின் கையில் இருக்கிறது. 1995இல் தானே விரித்ததை நீக்குவதற்கு அது காலனித்துவத்தின் மீது பழிபோட்டுக் காத்திருக்கத் தேவையில்லை.