நாற்பதாம் எண் அறையும் ஒரு ஜெர்மானியத் தந்தியும்

1914 ஆகஸ்ட் 4ஆம் தேதி இரவு பிரிட்டன் ஜெர்மனி மீது போர் அறிவித்தது. பொழுது விடிவதற்குள் ஒரு பிரிட்டிஷ் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் தன் வேலையைத் தொடங்கிவிட்டது. அது போர்க்கப்பல் அன்று. கடலடித் தந்திக் கம்பிகளைப் பழுதுபார்க்கும் கப்பல். எம்டன் நகரிலிருந்து வெளியுலகுக்குச் சென்ற ஐந்து ஜெர்மானியக் கம்பிகளைக் கொக்கி போட்டுத் தூக்கி ஒவ்வொன்றாக வெட்டிப் போட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திய கப்பலுக்குப் பெயர் தந்த ஊர்தான் இந்த எம்டன். அந்தக் கப்பலின் முடிவிலும் ஒரு தந்தி நிலையத்துக்குப் பங்குண்டு. நவம்பர் 9ஆம் தேதி கோகோஸ் தீவுகளில் இருந்த பிரிட்டிஷ் தந்தி நிலையத்தை அழிக்க அது ஆட்களை இறக்கியது. நிலைய ஊழியர்கள் அதற்குள் அனுப்பிவிட்ட எச்சரிக்கையைக் கேட்டு விரைந்து வந்த ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் சிட்னி, எம்டனை அங்கேயே வீழ்த்தியது.

கம்பிகள் அறுந்தபின் கடல் கடந்து பேச ஜெர்மனிக்கு இரண்டே வழிகள் மிஞ்சின. ஒன்று கம்பியில்லாத் தந்தி. அதை யார் வேண்டுமானாலும் கேட்கலாம். மற்றொன்று நடுநிலை நாடுகளின் கம்பிகள். அவற்றில் பல பிரிட்டிஷ் மண்ணைத் தொட்டே சென்றன. ஜெர்மனி இரண்டையும் பயன்படுத்தியது. பிரிட்டன் இரண்டையும் கேட்டது.

கேட்டதைப் படித்துப் புரிந்துகொள்ள ஆள் வேண்டுமே! கடற்படைக் கல்வி இயக்குநர் ஆல்பிரெட் ஈவிங்கிடம் அந்தப் பொறுப்பு வந்தது. சங்கேதக் கலையில் தேர்ந்தவர்கள் அன்று பிரிட்டனில் அனேகமாக இல்லை. கடற்படைக் கல்லூரிகளின் மொழி ஆசிரியர்களை அவர் திரட்டினார். ஆஸ்பர்ன் கல்லூரியில் ஜெர்மன் கற்பித்த அலஸ்டர் டென்னிஸ்டன் அவர்களுள் ஒருவர். பின்னர் கேம்பிரிட்ஜின் கிரேக்க மொழிப் புலவர் டில்லி நாக்ஸ், பதிப்பகத்தில் பணியாற்றிய நைஜல் டி கிரே, ஆல்பர்ட் ஷ்வைட்சரின் இறையியல் நூலை ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த வில்லியம் மான்ட்கோமரி ஆகியோர் சேர்ந்தார்கள். கடற்படைத் தலைமையகத்தின் பழைய கட்டடத்தில் இவர்கள் அமர்ந்த அறையின் எண் 40. அந்த எண்ணே அமைப்புக்குப் பெயராக நிலைத்தது.

தொடக்கத்தில் இவர்களுக்குக் கைகொடுத்தவை எதிரியின் இழப்புகளே. 1914 ஆகஸ்ட் 26 அன்று ஜெர்மன் கப்பல் மாக்டெபுர்க் பின்லாந்து வளைகுடாவில் தரைதட்டியது. ரஷ்யர்கள் அதிலிருந்து கைப்பற்றிய சங்கேதப் புத்தகங்களில் ஒரு படியை லண்டனுக்குக் கொடுத்தனுப்பினார்கள். ஆஸ்திரேலியாவில் பிடிபட்ட ஒரு வணிகக் கப்பலிலிருந்து இரண்டாவது புத்தகம் கிடைத்தது. மூழ்கிய ஜெர்மன் நாசகாரிக் கப்பலிலிருந்து எறியப்பட்ட பெட்டி ஒரு பிரிட்டிஷ் மீன்பிடிப் படகின் வலையில் சிக்க, அதற்குள் மூன்றாவது இருந்தது. ரஷ்யா அந்தப் படியைத் தராமல் தனக்கென்றே வைத்துக்கொண்டிருந்தால் நாற்பதாம் அறையின் வரலாறு வேறாக இருந்திருக்கும். நேச நாட்டின் பெருந்தன்மையில்தான் பிரிட்டிஷ் உளவின் இந்த அத்தியாயம் தொடங்கியது என்பதை நாம் போதிய அளவு நினைப்பதில்லை.

ரகசியத்தைப் படிப்பது பாதி வேலைதான். படித்ததை யாரிடம், எப்போது, எந்த வடிவத்தில் சொல்வது என்பது அதைவிடக் கடினமான மறுபாதி. 1916 மே 31 அன்று, ஜட்லண்ட் கடற்போர் நாளில், இந்த மறுபாதி மோசமாகச் சறுக்கியது. கடற்படை நடவடிக்கைகளின் இயக்குநர் தாமஸ் ஜாக்சன் நாற்பதாம் அறைக்கு வந்து, ஜெர்மானியத் தளபதி ஷேரின் அழைப்புக்குறி எங்கிருந்து கேட்கிறது என்று மட்டும் விசாரித்தார். வில்ஹெல்ம்ஸ்ஹாவன் துறைமுகத்திலிருந்து என்று பதில் வந்தது. ஷேர் கடலுக்குப் புறப்படும்போது அந்தக் குறியைக் கரையிலேயே விட்டுச் செல்வது வழக்கம் என்பது அறையிலிருந்த அனைவருக்கும் தெரியும். ஜாக்சன் அதைக் கேட்கவில்லை. தாமாகச் சொல்லும் உரிமை பேராசிரியர்களுக்கு இல்லை. எதிரிக் கடற்படை துறைமுகத்திலேயே இருக்கிறது என்று பிரிட்டிஷ் தளபதி ஜெல்லிக்கோவுக்குச் செய்தி போனது. சில மணி நேரத்தில் அதே கடற்படை அவர் கண்ணெதிரே வந்து நின்றது. அன்றிரவு ஷேர் திரும்பும் பாதையைப் பற்றிச் சரியான தகவல் வந்தபோது ஜெல்லிக்கோ அதை நம்பவில்லை. பகலில் ஏமாந்தவர் இரவில் எப்படி நம்புவார்?

எட்டு மாதம் கழித்து அந்த அறைக்கு ஒரு தந்தி வந்தது. ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஆர்தர் சிம்மர்மன் 1917 ஜனவரி 16 அன்று வாஷிங்டனிலிருந்த தம் தூதர் பெர்ன்ஸ்டார்புக்கு அனுப்பியது அது. மெக்சிகோவிலிருந்த தூதர் எக்கார்ட்டுக்கு அவர் அதை மேலனுப்ப வேண்டும். பிப்ரவரி 1 முதல் நீர்மூழ்கிப் போர் வரம்பின்றி நடக்கும், அமெரிக்காவை நடுநிலையில் வைக்க முயல்வோம், அது போரில் இறங்கினால் மெக்சிகோ நம்மோடு சேரட்டும், தாராளமாகப் பணம் தருவோம், டெக்சஸ், நியூ மெக்சிகோ, அரிசோனா ஆகிய இழந்த நிலங்களை மெக்சிகோ மீட்டுக்கொள்ளலாம், ஜப்பானையும் அழைக்கலாம். இவ்வளவும் அதில் இருந்தன.

தந்தி வந்த வழி இன்னும் வியப்பானது. சமாதானப் பேச்சுக்கு உதவும் என்ற நல்லெண்ணத்தில், ஜெர்மனி தன் தூதருடன் அமெரிக்க அரசின் சொந்தத் தந்தி வழியாகவே பேசிக்கொள்ள அதிபர் உட்ரோ வில்சன் அனுமதித்திருந்தார். அந்த வழி கோபன்ஹேகனைத் தொட்டு லண்டன் ஊடாக வாஷிங்டன் சென்றது. அமெரிக்காவின் நிலத்தைப் பிறருக்குப் பங்கு போடும் திட்டம் அமெரிக்காவின் கம்பியிலேயே பயணம் செய்தது. அந்தக் கம்பியை பிரிட்டன் ஒட்டுக் கேட்டுக்கொண்டிருந்தது.

ஜனவரி 17 அன்று டி கிரேயும் மான்ட்கோமரியும் தந்தியின் ஒரு பகுதியைப் படித்துவிட்டார்கள். கடற்படை உளவுத்துறை இயக்குநர் ரெஜினால்ட் ஹால் அதன் எடையை உடனே உணர்ந்தார். ஆனால் அவர் கைகள் கட்டப்பட்டிருந்தன. புதிய சங்கேதத்தில் இருந்ததால் வாசகம் அரைகுறையாகவே கிடைத்திருந்தது. வெளியிட்டால் ஜெர்மனி சங்கேதங்களை மாற்றிவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, எப்படிக் கிடைத்தது என்று அமெரிக்கர்கள் கேட்டால், உங்கள் தந்திகளைத்தான் கேட்கிறோம் என்று நட்பு நாடிப் போகும் ஒருவர் எப்படிச் சொல்வது?

ஹால் தந்தியைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். வெளியுறவுத்துறைக்கு அவர் தெரிவித்தது பிப்ரவரி 5 அன்றுதான். நாட்டின் போக்கையே மாற்றக்கூடிய ஓர் ஆவணம் மூன்று வாரம் ஒரு கடற்படை அதிகாரியின் பெட்டிக்குள் கிடந்திருக்கிறது. காரியம் கைகூடியதால் வரலாறு இதைச் சாதுரியம் என்று பாராட்டுகிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. வெளியுறவுக் கொள்கையை வகுப்பது அமைச்சரவையின் வேலை. உளவுத் தலைவர் தகவலின் காவலர் மட்டுமே.

ஆனால் அடுத்து அவர் செய்த ஏற்பாட்டின் நுட்பத்தை மெச்சாமல் இருக்க முடியாது. எக்கார்ட்டிடம் புதிய சங்கேதம் இல்லை. ஆகவே பெர்ன்ஸ்டார்ப் அதே செய்தியைப் பழைய சங்கேதத்தில் மாற்றி, வணிகத் தந்தி நிறுவனம் வழியாகத்தான் மெக்சிகோவுக்கு அனுப்பியிருக்க வேண்டும் என்று ஹால் ஊகித்தார். மெக்சிகோ தந்தி அலுவலகத்திலிருந்து அந்தப் படி ரகசியமாகப் பெறப்பட்டது. பழைய சங்கேதம் நாற்பதாம் அறைக்குப் பெரும்பாலும் பாடமாகியிருந்தது. முழு வாசகம் கைக்கு வந்ததோடு, தேதியும் தலைப்புக் குறிப்புகளும் பெர்லின் தந்தியிலிருந்து வேறாக இருந்தன. இதை வெளியிட்டால் மெக்சிகோவில் எவரோ காட்டிக்கொடுத்ததாகவே தோன்றும். அமெரிக்கர்களிடமும் மெக்சிகோவில் கிடைத்ததென்றே சொல்லிவிடலாம்.

பிப்ரவரி 23 அன்று வெளியுறவு அமைச்சர் பால்ஃபர் அமெரிக்கத் தூதர் வால்ட்டர் பேஜிடம் தந்தியின் வாசகத்தை ஒப்படைத்தார். மறுநாள் அது வாஷிங்டன் போனது. தம் நல்லெண்ணத்தை ஜெர்மனி இப்படிப் பயன்படுத்திக்கொண்டதை அறிந்து வில்சன் கொதித்தார். வாஷிங்டன் தந்தி அலுவலகத்திலிருந்த சங்கேதப் படியை அமெரிக்க அரசே எடுத்து லண்டன் தூதரகத்துக்கு அனுப்பியது. அங்கே அமெரிக்க அதிகாரி ஒருவர் முன்னிலையில் டி கிரே அதை விடுவித்தார். தூதரகம் அமெரிக்க மண்ணாகக் கருதப்பட்டதால், எங்கள் மண்ணில் நாங்களே விடுவித்தோம் என்று வாஷிங்டன் கூசாமல் சொல்ல வழி பிறந்தது.

மார்ச் 1 அன்று செய்தித்தாள்கள் தந்தியை வெளியிட்டன. போலி ஆவணம், பிரிட்டனின் சூழ்ச்சி என்று பலர் சொன்னார்கள். மார்ச் 3 அன்று சிம்மர்மன் தாமே உண்மைதான் என்று ஒப்புக்கொண்டார். மறுத்திருந்தால் நிரூபிப்பது எளிதாக இருந்திருக்காது. பெர்லின் எக்கார்ட்டைக் குடைந்து விசாரித்தது. அந்த விசாரணைத் தந்திகளையும் நாற்பதாம் அறை படித்தது. ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா போரில் இறங்கியது. தந்தி மட்டுமே காரணம் என்று சொல்வது மிகை. மார்ச் மாதத்தில் அமெரிக்கக் கப்பல்கள் தொடர்ந்து மூழ்கடிக்கப்பட்டதே பெரிய காரணம். ஆனால் ஐரோப்பாவின் சண்டை நமக்கெதற்கு என்றிருந்த மேற்கு, தென்மேற்கு மாநிலத்தவருக்கு, டெக்சஸ் என்ற பெயர் போரை வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்தது. மெக்சிகோவோ அந்த யோசனையை ஆராய்ந்து பார்த்து, நடவாத காரியம் என்று ஒதுக்கிவிட்டது.

ரகசியத்தைக் காப்பதில் ஹால் காட்டிய இந்த அடக்கம் போருக்குப் பின் காற்றில் போனது. 1923இல் சர்ச்சில் தம் போர் வரலாற்று நூலில் மாக்டெபுர்க் புத்தகத்தின் கதையைச் சொன்னார். தங்கள் செய்திகள் எந்த அளவுக்குப் படிக்கப்பட்டன என்று ஜெர்மானியக் கடற்படைக்கு அப்போதுதான் உறைத்தது. 1926இல் அது எனிக்மா என்ற சங்கேத இயந்திரத்துக்கு மாறியது. 1927 மே மாதம் நடந்தது அதைவிடப் பெரிய தவறு. சோவியத் ஒன்றியத்துடன் உறவை முறித்துக்கொள்ளக் காரணம் காட்டுவதற்காக, இடைமறித்த சோவியத் தந்திகளை பிரதமர் பால்ட்வின் நாடாளுமன்றத்திலேயே வாசித்தார். ஒரு முறை பயன்படுத்தி அழித்துவிடும் சங்கேதத் தாள்களுக்கு மாஸ்கோ மாறியது. நாற்பதாம் அறையின் வாரிசாக டென்னிஸ்டன் தலைமையில் இயங்கிய சங்கேதப் பள்ளி, பல ஆண்டுகளாகத் திறந்து வைத்திருந்த ஒரு கதவை ஒரே மாலையில் இழந்தது. ஹால் மெக்சிகோவரை சுற்றி வளைத்துக் காத்ததை அரசியல்வாதிகள் ஒரு விவாதத்தின் வெற்றிக்காகக் கொடுத்துவிட்டார்கள்.

எனிக்மாவால் மூடிக்கொண்ட ஜெர்மானியக் கதவு மீண்டும் திறக்க வேறு ஒரு நாட்டின் உதவி வேண்டியிருந்தது. 1939 ஜூலை இறுதியில் வார்சா அருகே காட்டுக்குள் இருந்த பிரி என்ற இடத்தில், டென்னிஸ்டனையும் நாக்ஸையும் பிரெஞ்சு அதிகாரிகளையும் போலந்துக்காரர்கள் சந்தித்தார்கள். மரியன் ரெயெவ்ஸ்கியும் தோழர்களும் 1932 முதல் எனிக்மாவைப் பற்றிக் கண்டறிந்த அனைத்தையும் கைம்மாறு கருதாமல் பகிர்ந்தார்கள். தாங்களே செய்த எனிக்மா நகல் ஒன்றையும் ஆகஸ்ட் மாதம் லண்டனுக்கு அனுப்பினார்கள். அடுத்த இரண்டு மாதங்களுக்குள் அவர்கள் நாடு வீழ்ந்தது.

1941 பிப்ரவரியில் நான்கு அமெரிக்கர்கள் ஜப்பானிய ராஜதந்திரச் சங்கேதத்தை விடுவிக்கும் ‘பர்ப்பிள்’ இயந்திரத்தை, சங்கேதப் பள்ளி அப்போது இயங்கிய பிளெட்ச்லி பார்க்குக்குக் கொண்டுவந்தார்கள். அமெரிக்கா அப்போது இன்னும் இரண்டாம் உலகப் போரில் இறங்கவில்லை. எனிக்மா பற்றி அவர்களிடம் எவ்வளவு சொல்வது என்று பிரிட்டிஷார் தயங்கினார்கள். பிறகு ரகசியக் காப்பு நிபந்தனையுடன் சொன்னார்கள். அந்தத் தயக்கம் 1943 மே 17 ஒப்பந்தத்தில்தான் பெருமளவு தீர்ந்தது. ராணுவச் சங்கேதங்களில் யார் எதைச் செய்வது, எதைப் பகிர்வது என்று இரு நாடுகளும் எழுதிக் கையெழுத்திட்டன. 1946 மார்ச் 5 அன்று அதன் வாரிசான விரிந்த உடன்படிக்கை உருவாயிற்று; கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவையும் அதன் வட்டத்துக்குள் வந்தன. 1917இல் தூதர் பேஜிடம் மறைக்க வேண்டியிருந்ததை அவர் நாட்டுடன் மேசைமீது வைத்துப் பேச முப்பதாண்டுகளும் இரண்டு போர்களும் தேவைப்பட்டன. அந்த உடன்படிக்கையின் வாசகத்தை இரு அரசுகளும் 2010இல்தான் மக்கள் பார்வைக்கு வெளியிட்டன.