உவரி எந்தப் பகுதியைச் சேர்ந்தது?

ஹிஜ்ரி 626-இல் (கி.பி. 1229) மறைந்த யாகூத் அல்ஹமவீ, தம் ‘முஃஜமுல் புல்தான்’ என்னும் பேரகராதியில் ஓர் ஊரைக் குறிக்கும்போது, அதன் பெயரை எவ்வாறு ஒலிப்பது என்பதை வரையறுப்பார், சிற்றூராயின், அது எந்த நகரின் ‘அஃமால்’, அதாவது எந்த ஆட்சிப் பரப்பைச் சேர்ந்தது என்பதையும் பெரும்பாலும் சொல்லிவிடுவார். இவ்விரு வினாக்களையும் நம் தென்பாண்டிக் கடற்கரையிலுள்ள உவரியிடம் கேட்டுப் பார்த்தோம். விடை எளிதாக இல்லை.

பெயரை முதலில் கொள்வோம். ஸுலைமான் நபி (அலை) அவர்களின் மரக்கலங்கள் பொன் கொண்டுவந்ததாக யூத வேதம் கூறும் ‘ஓபீர்’ இவ்வூரே என்று சொல்வோர் உண்டு. திருக்குர்ஆன் அந்நபிக்குக் காற்று வசப்படுத்தப்பட்டதைச் சொல்கிறது, ஓபீரைச் சொல்லவில்லை. தென் அரேபியா, கீழை ஆப்பிரிக்கா, மேலைக் கடற்கரையின் சோபாரா எனப் பல இடங்களுக்கும் இதே உரிமை கோரப்பட்டுள்ளது. உவரிக்கு அண்மையிலுள்ள இடையன்குடியில் 1841 முதல் வாழ்ந்த கால்டுவெல், எபிரேய வேதத்தில் மயிலைக் குறிக்கும் சொல்லைத் தமிழ்த் ‘தோகை’யோடு இணைத்துப் பேசியவர். அது சொல்லாராய்ச்சி, ஊரை நிறுவும் சான்றன்று. ‘உவரி’ என்றால் உவர்நீர், கடல் என்பது நிகண்டறிந்தோர் அறிந்த பொருள். கடலோரத்து ஊருக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் வேறென்ன வேண்டும்?

இனி இடம். திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரி செல்லும் கடற்கரைச் சாலையில், மணப்பாட்டுக்கும் பெரியதாழைக்கும் தெற்கே உவரி உள்ளது. இம்மாவட்டத்தைப் பற்றி எழுதுவோர் தாமிரபரணியில் தொடங்குவது வழக்கம். அந்த ஆறு உவரியின் வழியாகப் பாய்வதில்லை. பின்புறம் தேரி மணலும் பனங்காடும்; முன்னே கடல்.

ஆட்சிப் பரப்போ பலமுறை மாறியது. கர்நாடக நவாபுடன் 1801-இல் செய்த உடன்படிக்கையால் கும்பினியார் திருநெல்வேலிச் சீமையை முழுமையாகக் கைக்கொண்டனர். முன்னாளில் நாங்குநேரி தாலுகாவே கடல்வரை நீண்டிருந்தது. பிறகு இராதாபுரம் தாலுகா தனியாகப் பிரிந்தது. அதிலிருந்து இக்காலத்தில் திசையன்விளை வட்டம் பிரிக்கப்பட, உவரி அதனுள் அடங்கிற்று. ஆயினும் ஊராட்சி ஒன்றியம் இராதாபுரமே. சட்டமன்றத் தொகுதியும் இராதாபுரமே. ஊராட்சியின் பெயரோ ‘கரைச்சுத்து உவரி’. ஒரே வீட்டார் பட்டாவுக்கு ஓரிடமும் ஒன்றிய அலுவலுக்கு வேறோரிடமும் செல்ல நேர்கிறது.

இவற்றினும் பெரிய மாற்றம் 1986 அக்டோபர் 20 அன்று நிகழ்ந்தது. தூத்துக்குடி தனி மாவட்டமானபோது கொற்கையும் காயல்பட்டினமும் தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலும் அதன்பாற் சென்றன. மேற்கே கன்னியாகுமரி 1956-இலேயே தனி மாவட்டமாகிவிட்டது. எஞ்சிய குறுகிய கரையே இன்று திருநெல்வேலிக்குரிய கடல். பெரியதாழை தூத்துக்குடிக்கு, அதையடுத்த கூடுதாழையும் உவரியும் திருநெல்வேலிக்கு என்று கோடு விழுந்தது. ஒரே தொழில் செய்து தம்முள் மணவுறவும் கொள்ளும் பரதவர் ஊர்களுக்கு நடுவே விழுந்த கோடு இது.

கடற்கரையோ இக்கோட்டைப் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை. பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் இதனை முத்துக்குளித்துறைக் கடற்கரை என்று ஒரே நீட்சியாகக் கண்டனர். 1923-இல் அமைந்த தூத்துக்குடி மறைமாவட்டத்திலேயே உவரிக் கத்தோலிக்கர் இன்றும் உள்ளனர். ஆட்சியரைக் காண அவர்கள் திருநெல்வேலிக்கும், ஆயரைக் காணத் தூத்துக்குடிக்கும் போகிறார்கள். நிலத்தின் அலுவலகங்கள் உள்நாட்டை நோக்கி இழுக்க, கடலோர உறவு கரையை ஒட்டியே ஓடுகிறது. யாகூத் இன்று எழுதினால் ‘அஃமால்’ என்பதை ஒருமையில் முடித்திருக்க மாட்டார் என்று நாம் எண்ணுவதுண்டு. ‘அஃமால்’ பன்மைச் சொல்தானே என்று நம் மாணவர்கள் திருத்தக்கூடும்!

பழைய ஆவணம் தேடுவோருக்கு இது வெறும் ஏட்டுச் செய்தியன்று. காயல்பட்டினத்து வக்ஃபுப் பத்திரம் ஒன்றில் ‘திருநெல்வேலி ஜில்லா’ என்றிருப்பதைக் கண்டு, இது வேறு ஊர் என ஒதுக்கிவிடுதல் எளிது. அவ்வாறே, உவரி நிலத்தின் பழைய பத்திரத்தைத் தேடுபவர் திசையன்விளை என்ற தலைப்போடு நின்றுவிடாமல், இராதாபுரத்தையும் அதற்கும் முன்னே நாங்குநேரியையும் புரட்டியாக வேண்டும்.